வேர்டு கோப்பின் வீக்கம்: கோவில்பட்டிக் கொள்கைகளும் அவற்றின் மறுப்பும்

நான்கு பக்க விண்ணப்பம் ஒன்று நாற்பது எம்பி எடையோடு மின்னஞ்சலில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பதைக் கோவில்பட்டியின் எந்த டிடிபி கடையிலும் காணலாம். ஐப்பசி மழை ஏன் பொய்த்தது, பருத்தி விலை ஏன் படுத்தது, தீப்பெட்டி ஏன் நமுத்தது என்றெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே முடிவு கண்ட ஊர், இந்த ஒன்றை மட்டும் "சிஸ்டம் ஸ்லோண்ணே" என்று சொல்லிக் கடந்துவிடுவது ஆய்வுலகுக்கு நேர்ந்த இழப்பு. கொள்கை இல்லாமலும் இல்லை. வளவளவென்று எழுதியதால் கோப்பு பெருத்தது என்பது ஒரு கட்சி. தமிழில் அடித்ததால் பெருத்தது என்பது இன்னொரு கட்சி. பழசானால் கோப்பு தானாகவே ஊதும், அது அதன் சுபாவம் என்பது மூன்றாவது. வீங்கிய கோப்பின் எடையில் பெரும்பங்கு படிப்பவர் கண்ணுக்கே தெரியாத சரக்கின் எடை என்பதும், எழுத்து இவ்வழக்கில் நிரபராதி என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதை நிறுவ அவசரமும் உண்டு. முதற்கட்சியின் பேச்சைக் கேட்டுத்தான், கோப்பு ஏறாதபோதெல்லாம் ஆட்கள் வாசகங்களை வெட்டுகிறார்கள்.

முதற்கட்சியைக் கணக்கால் எதிர்கொள்வோம். யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறைப்படி 3 பைட் இடம் பிடிக்கும். 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு, ஆகவே 6 பைட். பக்கத்துக்கு 2,000 குறி என்று தாராளமாகவே வைத்தால் ஒரு பக்கம் 6,000 பைட். கோவில்பட்டியைச் சுற்றிப் பிறந்த எழுத்தாளர் நால்வர் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள்: இடைசெவல் கு. அழகிரிசாமி 1970இல் 'அன்பளிப்பு'க்கு, அதே இடைசெவல் கி. ராஜநாராயணன் 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு, பூமணி 2014இல் 'அஞ்ஞாடி'க்கு, சோ. தர்மன் 2019இல் 'சூ'லுக்கு. 'அஞ்ஞாடி' ஒன்றே ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. நான்கையும் சேர்த்து இரண்டாயிரம் பக்கம் என்று கொண்டால் 120 லட்சம் பைட், அதாவது 12 எம்பி. அதுவும் சுருக்குவதற்கு முன்பு. 2007ஆம் ஆண்டு ஆபீஸ் தொகுப்போடு வந்த டாக்ஸ் என்னும் கோப்பு வகை உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே கிடக்கும் எழுத்தை அது நன்றாகவே நசுக்கும். கால் பங்காக ஒடுங்கினால்கூட நாலு நூலும் 3 எம்பி. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பட்டப்பகலில் செல்போனில் ஒருமுறை படம் பிடித்தால் அந்த ஒரே படம் இந்த எடைக்கு வந்துவிடும். கரிசல் இலக்கியத்தின் விருது வரிசை முழுவதும் ஒரு தராசுத் தட்டில், கழுகுமலைச் சுற்றுலாப் படம் ஒன்று மறு தட்டில். முள் நடுவில் நிற்கும். இதற்குப் பிறகும் "மூணாவது பாராவை எடுத்திருங்க, ஃபைல் இலேசாயிரும்" என்று சொல்பவரிடம் வாதிடுவதில் பயனில்லை.

அற்றேல், ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதுமாயிருக்க, தமிழுக்கு 3 வேண்டியிருப்பது உண்மைதானே, யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த காலத்தில் கோப்பெல்லாம் இலேசாக இருந்ததே எனின், இருந்தது. அக்காலத்தில் செல்போனில் கேமராவும் இல்லை என்பதை இரண்டாம் கட்சிக்காரர் மறந்துவிடுகிறார். மும்மடங்கு என்பது சரி. எதன் மும்மடங்கு என்று கேட்க வேண்டும். நான்கு பக்க விண்ணப்பத்துக்கு ஆங்கிலத்தில் 8,000 பைட் என்றால் தமிழில் 24,000. நாற்பது எம்பியில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடையும் டேஸ்-16 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. அதன் பயன் அறிந்தவர்கள், ஒரு கடையில் அடித்தது மறு கடையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்பட மாட்டார்கள். எழுத்தைச் சுற்றி வேர்டு தன் கைச்சரக்கையும் சேர்க்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். எந்த அமர்வில் எந்த வரி திருத்தப்பட்டது என்பதற்கு ஓர் எண், பிழை என்று தான் கருதிய சொல்லுக்கு ஓர் அடையாளம் என்று எழுதித் தள்ளும். தமிழ்ச் சொல் பாதியைப் பிழை என்றே அது கருதுவதால் கோடும் குறியும் மிகுதிதான். ஆயினும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வாசகம் ஜிப்புக்குள் மிக எளிதாக நசுங்கும். மூலக் குற்றவாளி இதுவன்று.

குற்றவாளியைக் காணக் கோப்பைத் திறந்து பார்ப்பதே வழி. திறப்பது என்றால் வேர்டில் அன்று. கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலில் உள்ள டாக்ஸை அழித்து ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'வேர்டு' என்றொரு ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று இன்னொன்று. எடை வரிசைப்படி அடுக்கினால் வீக்கத்தின் விலாசம் வந்துவிடும். பெரும்பாலும் அது பாஸ்போர்ட் அளவுப் படமாக இருக்கும். 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். அங்குலத்துக்கு 220 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 303க்கு 390, ஏறக்குறைய 1.18 லட்சம் புள்ளி போதும். செல்போன் தருவதோ 4,000க்கு 3,000, ஆக 1.2 கோடி. மூலையைப் பிடித்து இழுத்துப் படத்தைச் சிறிதாக்குபவர், தாளில் அதன் உருவத்தைத்தான் குறைக்கிறார். சுருக்காமல் சேமிக்கும்படி வேர்டு அமைக்கப்பட்டிருந்தால் 1.2 கோடிப் புள்ளியும் ஒன்று குறையாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். நூற்றில் ஒன்று கண்ணுக்கு, தொண்ணூற்றொன்பது எடைக்கு. கிராப் செய்தாலும் கதை மாறாது, இன்னும் சுவையாகும். கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து விண்ணப்பதாரரின் முகத்தை மட்டும் வெட்டி ஒட்டினால், வேர்டு மற்றதை மறைக்கிறதே ஒழிய எறிவதில்லை. கிராப்பை மறுபடி இழுத்து விரித்தால் சீர்வரிசைத் தட்டும், பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் பெரியப்பாவும் வெளியே வருவார்கள். தாலுகா அலுவலகத்துக்குப் போவது ஒரு முகம் என்று நினைத்து ஒரு மண்டபத்தையே அனுப்பியிருப்பார். இதே ஃபோல்டரில் ஸ்கேன் செய்த சான்றிதழ்களும் கிடக்கும். ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2,480க்கு 3,508, அதாவது 87 லட்சம் புள்ளி; சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. சுருக்காதவரை, தாளின் பெரும்பகுதி வெள்ளை என்பதற்காக எடையில் ஒரு சலுகையும் இல்லை.

படமே இல்லாத கோப்பும் வீங்குகிறதே என்பார்க்கு இரண்டு விடை. ஒன்று எக்செல். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கிலிருந்து ஐந்து வரி அட்டவணையை இணைப்புப் பொருளாக ஒட்டும்போது அந்த ஐந்து வரி மட்டும் வருவதில்லை. புத்தகம் முழுவதும் வந்து குடியேறிவிடுகிறது. இரட்டைக் கிளிக்கில் அது திறக்கும். அடுத்த ஷீட்டில் கூலிப் பட்டுவாடா இருந்தால் அதுவும் திறக்கும். மற்றொன்று எழுத்துரு. தன் கணினியில் உள்ள அழகு அடுத்தவர் கணினியிலும் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுத்துருவைக் கோப்போடு பொதிந்து சேமிப்பவர்கள் உண்டு. ஏரியல் யூனிகோடு எம்எஸ் மட்டுமே 20 எம்பிக்கு மேல். பயன்படுத்திய எழுத்தை மட்டும் பொதி என்ற கட்டம் பக்கத்திலேயே இருந்தும் டிக் வாங்காமல் காத்திருக்கிறது. கோப்பின் கண்காணா உள்ளடக்கம் எடையில்லாவிட்டாலும் வம்பு செய்யும் என்பதற்கு லண்டன் சான்று. 2003 பிப்ரவரியில் ஈராக் பற்றிப் பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட வேர்டு கோப்பிலேயே, அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் ஒளிந்திருந்து உலகத்துக்கே தெரிந்துபோயின.

மூன்றாம் கட்சி அழகானது, அதனாலேயே ஆபத்தானது. கரிசல் மண்ணைப் பார், மழை இறங்கினால் உப்புகிறது, கட்டடத்தின் அஸ்திவாரத்தையே தூக்கிவிடுகிறது, இந்த மண்ணில் பிறந்த கோப்பு மட்டும் உப்பாதா என்பது வாதம். மானாவாரி வேளாண்மைக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இந்த வாதம் எடுபடுவது இயல்பே. ஸ்மெக்டைட் வகைக் களியின் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுவதால் கரிசல் விரிகிறது; வீக்கம் மண்ணுடையதன்று, இடையில் புகுந்ததுடையது. இதுவரை ஒப்புமை நம் கட்சிக்கே சாதகம். ஆனால் பங்குனியில் நீர் போனதும் கரிசல் சுருங்கி, கை நுழையும் அளவு வெடிப்பு விடும். கோப்புக்குப் பங்குனியே இல்லை. புகுந்தது தானாக வெளியேறுவதில்லை, யாராவது வெளியேற்ற வேண்டும். ஆகவே சுபாவம் என்ற சொல் இங்கே செல்லாது. மூன்றாம் கட்சிக்கு ஒரே ஒரு சலுகை தரலாம். பழைய வேர்டு பதிப்புகளில் விரைவுச் சேமிப்பு என்றொரு வசதி இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த, முழுக் கோப்பையும் திரும்ப எழுதாமல் மாற்றங்களை மட்டும் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். அழித்த பத்தி உள்ளேயே இருக்கும், அழித்த செய்தியும் கூடவே சேரும். அழிக்க அழிக்கப் பெருக்கும் பொருளைக் கண்ணால் கண்ட தலைமுறை, கோப்புக்குச் சுபாவம் உண்டு என்று நம்பியதைக் குறை சொல்ல முடியாது. அந்த வசதியை எடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் நம்புவதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்டிரைவ் இவ்வளவு மலிந்த காலத்தில் எடையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர், பென்டிரைவைத் தாலுகா அலுவலக இணையதளத்தின் வாயில் திணிக்க முடியாது என்பதை அறிவாராக. ஜிமெயில் அனுமதிப்பது 25 எம்பி. அதுவும் இணைப்பு மின்னஞ்சலில் ஏறும்போது எழுத்தாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்; 20 எம்பி என்று நம்பி அனுப்பியது வழியில் 27 ஆகிவிடும். பிடிஎஃப் ஆக்கினால் போச்சு என்பவர் பாதி சரி. வாங்குபவர் திருத்த வேண்டியதில்லை என்றால் போச்சுதான். திருத்தித் தரச் சொன்னால் பழைய கோப்புக்கே திரும்ப வேண்டும். மருந்து வேர்டுக்குள்ளேயே இருக்கிறது. படத்தைச் சொடுக்கினால் மேலே வரும் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' என்ற இடத்தில், இந்தப் படத்துக்கு மட்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டு, வெட்டிய பகுதியை நீக்கு என்ற டிக்கைப் போட்டு, 150 அல்லது 220ஐத் தேர்ந்தால் பெரியப்பா பந்தியோடு வெளியேறுவார். எக்செல் அட்டவணையை வெறும் டேபிளாகவோ படமாகவோ ஒட்ட வேண்டும். எழுத்துருப் பொதிவை எடுத்துவிட வேண்டும். பத்தி ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு நாற்பது எம்பி கோப்பு அரை எம்பியாக வந்து நிற்கும். கடைக்காரர் அதை 'ஃபைனல்' என்று சேமிப்பார். வாடிக்கையாளர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தி 'ஃபைனல் 2' என்றும், தேதியை மாற்றிப் 'புது ஃபைனல்' என்றும் இரண்டு சேரும். நாற்பது எம்பி மூலத்தை யாரும் அழிக்க மாட்டார்கள், நாளைக்கே கேட்டு வந்து நின்றால் என்ன செய்வது? ஆக, கோப்பு ஒவ்வொன்றும் இளைக்கும்போதெல்லாம் கடைக் கணினியின் டிஸ்க் ஒன்றரை எம்பி கூடுதலாக நிரம்புகிறது.