ஏனுங்க மாமா, இந்தப் பாட்டு யாருது?

பெர்ன் ஒப்பந்தம், பெர்ன் ஒப்பந்தம்னு சொல்றாங்களே, என்னங்க அது?
*– பீளமேடு வாசகர்*

நம்மூர் சம்பந்தி பேச்சுதான் கண்ணு. "உங்க பிள்ளை எங்க ஊருக்கு வந்தா எங்க பிள்ளை மாதிரி, எங்க பிள்ளையை நீங்களும் அப்படியே பாருங்க." எழுத்தாளர்கள் விஷயத்தில் பத்து நாடுகள் இப்படி ஒப்புக்கொண்டு, 1886 செப்டம்பர் 9-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கையெழுத்துப் போட்டன. 1878-ல் பாரிஸில் எழுத்தாளர்களைத் திரட்டி இதற்கு விதை போட்டவர் விக்டர் ஹியூகோ. 1885-ல் போய்ச் சேர்ந்தார். விதைச்சவருக்கு வெள்ளாமையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

உலகத்துக்கே சட்டம் பேசும் அமெரிக்கா அந்தப் பத்தில் உண்டா?
*– சிங்காநல்லூர் வாசகர்*

இல்லை. 1842-லேயே டிக்கன்ஸ் அமெரிக்கா போய், "என் புத்தகத்தை அச்சடிச்சு விக்கறீங்க, எனக்கொரு காசு வரலையே" என்று மேடையிலேயே முறையிட்டார். கூலி கேட்டவரை அந்த ஊர்ப் பத்திரிகைகள் பேராசைக்காரர் என்று ஏசின. 1886-ல் இலை போட்ட பந்திக்கு அமெரிக்கா வந்து உட்கார்ந்தது 1989 மார்ச் 1-ல். நாம் 1928-லேயே உட்கார்ந்தாச்சு!

என் கவிதைத் தொகுப்பைப் பதிவு செய்தால்தான் உரிமையா மாமா?
*– அவிநாசி வாசகி*

எழுதி முடித்த நிமிஷமே உரிமை பிறந்துவிடும் அம்மணி. பிறப்புச் சான்றிதழ் வாங்காவிட்டாலும் பிள்ளை நம்ம பிள்ளைதான். வழக்கு என்று வந்தால் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது, அவ்வளவே.

எங்க ஊர்க் கவிஞர் எழுதின கதை கடல் தாண்டிப் போயிருக்குங்களா?
*– நாமக்கல் வாசகர்*

போயிருக்குங்க, கோயமுத்தூர் வழியாக! நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல் 'மலைக்கள்ளன்'. 1954-ல் நம்ம பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக்கினார். எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு, மு. கருணாநிதி வசனம். பிறகு அதே கதை தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் எல்லாம் பேசியது. 1957-ல் இலங்கைக்குப் போய், 'சூரசேன' என்ற பெயரில் சிங்களமும் பேசியது.

கதை என்பது தென்னை மாதிரிங்க. இளநீர் தனி, தேங்காய் தனி, கீத்து தனி, ஈர்க்குமாறு தனி. புத்தகமாகப் போட ஓர் உரிமை, மொழிபெயர்க்க ஒன்று, படமெடுக்க இன்னொன்று. கீத்து விற்றவன் மரத்தை விற்றவன் ஆகமாட்டான்.

"எல்லா உரிமையும், எல்லா நாட்டுக்கும், எல்லாக் காலத்துக்கும்" என்று அச்சடித்த தாளை யாராவது நீட்டினால், பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள். எந்த ஊருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்தே வருஷம். நம்ம சட்டம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சில சமயம் எழுதாத வரிதான் எழுத்தாளனைக் காப்பாற்றும்!

மொழிபெயர்ப்பாளருக்கும் உரிமை உண்டா? மூலம் அவருடையது இல்லையே?
*– திருச்செங்கோடு வாசகி*

உங்க ஊர் பெருமாள்முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'பூக்குழி' நாவல் ஆங்கிலத்துக்குப் போனது அனிருத்தன் வாசுதேவன் கையால். 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை ஏறியது. அந்தப் பரிசு கிடைத்தால் பணம் ஆசிரியருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. சட்டமும் மூல ஆசிரியரின் அனுமதியை முதலில் வாங்கச் சொல்கிறது. அப்புறம் மொழிபெயர்ப்பைத் தனிப் படைப்பாகவே காக்கிறது. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் போடாத புத்தகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அமெரிக்காக்காரன் மஞ்சளுக்கே காப்புரிமை வாங்கினானே, அதுவும் இந்த ஒப்பந்தத்திலா?
*– ஈரோடு வியாபாரி*

அது வேற சந்தைங்க. கண்டுபிடிப்புக்கு உள்ளது காப்புரிமை. கதை, பாட்டு, படத்துக்கு உள்ளது பதிப்புரிமை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை எடுத்து வைத்து வாதாட, 1997-ல் ரத்தாச்சு. பாட்டி வைத்தியத்துக்குப் பாட்டிதான் சாட்சி!

பனியனில் மிக்கி மவுஸ் படம் அடிக்கலாமுங்களா? காலாவதி ஆயிடுச்சுன்னு சொல்றாங்க.
*– திருப்பூர்த் தம்பி*

1928-ல் வந்த முதல் மிக்கிக்கு மட்டும், அமெரிக்காவில், 2024 ஜனவரி 1-ல் பதிப்புரிமை முடிந்தது. வணிக முத்திரை உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு வேறு. எலியை அச்சடிக்குமுன் வக்கீலைப் பார்த்துவிடு தம்பி. பொறி வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மெல்லிசைக் குழு வைத்திருக்கிறேன். சினிமாப் பாட்டுப் பாட அனுமதி வேணுமா?
*– பொள்ளாச்சிப் பாடகர்*

கல்யாண வீட்டில் தாராளமாகப் பாடுங்கள்; சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. டிக்கெட் போட்டு மேடை ஏறினால் உரிமம் வேண்டும். 2017-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதே, ஊரே இரண்டு கட்சியானதே! எனக்கு இருவர் குரலும் உயிர். ஆனால் மெட்டுப் போட்டவருக்குப் பங்கு போகணும் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. பாடகருக்கும் பங்கு உண்டு, உங்களையும் சேர்த்து!

அப்போ பாரதியார் பாட்டுக்கு யாருக்குக் காசு கட்டணும்?
*– கோபி மாணவி*

யாருக்கும் வேண்டாம் கண்ணு. ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.எம். கையில் இருந்தது. தமிழ்நாடே குரல் கொடுக்க, 1949-ல் அரசு உரிமையை வாங்கியது. பிறகு நமக்கே தந்துவிட்டது. தைரியமாகப் பாடு, சுருதி மட்டும் தப்பாதே.

கண் தெரியாத என் தம்பிக்கு ஒரு நாவலை ஒலிநூலாக்கினால் கேஸ் வருமா மாமா?
*– மேட்டுப்பாளையம் அக்கா*

வராது அம்மணி. 2013-ல் மராக்கேஷ் நகரத்தில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் ஆனது. பார்வையற்றவர்கள் படிக்கும்படி நூலை மாற்றலாம், நாடு விட்டு நாடும் அனுப்பலாம். 2014-ல் அதை உலகத்திலேயே முதலில் உறுதி செய்தது இந்தியா. இருபது நாடு சேர்ந்ததும் 2016-ல் நடப்புக்கு வந்தது. முதல் அத்தியாயத்தை இன்னைக்கு ராத்திரியே வாசிச்சுக் காட்டுங்க.