வறுத்த பூனையும் வேடு கட்டிய பானையும்: வீட்டுச் சுரங்கம் ஒன்றைக் குளிர்வித்த வரலாறு

சுரங்கத் தொழிலில் தோண்டுவதைவிடக் குளிர்விப்பதே கடினம் என்பது இக்கட்டுரையின் துணிபு. முதல் சான்று கோலார். வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிழைக்கப் போன அந்தத் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை அடுப்புக்கல்லாகச் சுடும். மேலிருந்து குளிர்காற்றை இறக்கத் தனியே ஆலை வைத்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அத்தோடு இந்தப் பக்கத்து மக்கள் பொன் தேடுவதை விட்டுவிட்டதாக அறிஞர்கள் கருதக்கூடும். அக்கருத்து பிழை. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரச் சத்தியவேட்டில் என் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு இடப்பக்கம், ஒரு சுரங்கம் ஓடுகிறது. நீளம் ஏறக்குறைய ஒரு விரல்.

பார்வைக்கு அது பென் டிரைவ். பெயர் பிளாக் இரப்டர். 2013-இல் ஏசிக்மைனர் என்ற சீன நிறுவனம் வெளியிட்டது. அதன் தலைவர் இணையத்தில் வைத்துக்கொண்ட புனைபெயருக்குத் தமிழில் ‘வறுத்த பூனை’ என்று பொருள். சுடுகிற பொருளைச் செய்பவர் இப்படியொரு பெயரைத் தேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ள என் ஆய்வுமனம் இடம் தரவில்லை. சென்னை ரிச்சி தெருவில், ஒயர்க் குவியலுக்கு அடியில் கிடந்த ஒன்றை, ‘ஓடினா உங்க அதிர்ஷ்டம் சார்’ என்ற உத்தரவாதத்தோடு வாங்கிவந்தேன்.

அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிட்காயின் கணக்குப் புத்தகத்தில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிற ஓர் எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. எண்ணைக் கண்டுபிடிக்க யுக்தி எதுவும் கிடையாது. குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். என் சுரங்கம் வினாடிக்கு 33 கோடி எண்களைப் போட்டுப் பார்க்கிறது. இதைக் கேட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உலகம் முழுவதும் ஓடும் எந்திரங்கள் மொத்தமாக வினாடிக்கு எத்தனை போட்டுப் பார்க்கின்றன என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்றுக்குப் பின்னால் இருபத்தொரு சுழியம் என்பது இன்றைய தோராயக் கணக்கு.

இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். சராசரிக் கணக்குப்படி எனக்கு ஒரு பரிசு விழ 5.7 கோடி ஆண்டுகள் ஆகும். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவை அழிந்து, தூசி அடங்கி, ஒரு தொண்ணூறு லட்சம் ஆண்டு கழித்து யாராவது நிதானமாகச் செருகியிருந்தால், இந்நேரம் ஒன்று விழுந்திருக்கும்.

பரிசு 2024 ஏப்ரல் முதல் 3.125 பிட்காயின். அதை ஆண்டுக்கணக்கில் பங்கிட்டால் எனக்கு வருவது ஐந்தரை சதோஷி. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாக உடைத்தால் ஒரு துண்டுக்குச் சதோஷி என்று பெயர். பிட்காயின் 80 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் 44 காசு. 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு 30 சதவீத வருமான வரி உண்டு. ஆகவே 13 காசு மத்திய அரசுக்கு. சுரங்கத்துக்கான கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது என்று அந்த மார்ச் மாதமே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி எங்களுக்குப் புதிதல்ல. 1960-இல் அதே தேதியில்தான் திருத்தணி தமிழகப் பக்கம் போக, செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்து சித்தூரில் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டமானது. ஊர் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது.

வருமானத்தை விடுவோம், அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. வருவது சூடு. கருவி இழுப்பது இரண்டரை வாட். ஒரு யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி கொடுக்கக்கூடியதும் அவ்வளவுதான், ஐந்து வோல்ட், அரை ஆம்பியர். உள்ளே போகும் இரண்டரை வாட்டும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சூடாகவே வெளியே வருகிறது. மிக்ஸியில் போட்ட மின்சாரத்தில் சட்னியாவது கிடைக்கும். இங்கே சூடு ஒன்றே உறுதியான விளைபொருள். நகத்தளவு சில்லுக்குள்ளிருந்து அது வருவதால், முதுகில் ஒட்டிய அலுமினியத் தகடு விரலைச் சுடுகிறது.

எவ்வளவு சுடுகிறது? கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானித் துப்பாக்கி பரணில் இருந்தது. எடுத்து அழுத்தினேன். மனிதக் காய்ச்சலுக்கு மேல் அதற்கு எண் தெரியாது. இரண்டே ஆங்கில எழுத்து காட்டியது. ‘எல்லை மீறிவிட்டது’ என்று அதற்குப் பொருள். எட்டிப் பார்த்த அம்மா, “ஹாய் சொல்லுதுடா” என்றார். கருவி கைவிட்ட நிலையில் புதிய அலகு ஒன்றை வகுக்க நேர்ந்தது. தகட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியது. கையை உதறும்போது வாயில் இருக்கும் எண்ணே அளவு. இதற்கு ‘விரலெண்’ என்று பெயரிட்டேன். எண் கூடக்கூடக் குளிர்ச்சி. கத்திரி வெயிலில், அறையே முப்பத்தெட்டு டிகிரியில் புழுங்கும் மதியத்தில், கிடைத்த அடிப்படை விரலெண் 4.

இன்னொரு குறிப்பும் இங்கே தேவை. கருவியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. சும்மா இருக்கும்போது அது நின்று எரியும். வேலை செய்யத் தொடங்கியதும் அணைந்துவிடும், எப்போதாவது கண் சிமிட்டும். இதை வீட்டில் புரியவைக்க ஒரு மாதம் போராடித் தோற்றேன். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து, ‘இது செத்துக் கிடக்குது’ என்று பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் போனைச் செருகிச் சார்ஜ் ஏற்றுவார் அம்மா. ஆய்வில் உள்ள இடைவெளிகள் பெரும்பாலும் இப்படி வந்தவை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட சிவன் அம்பிகை மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் தலம். சூடு ஏறினால் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துவிடு என்பது அங்கே கிடைக்கும் முறை. தலைசிறந்தது, ஆனால் உற்பத்தி நின்றுபோகும். அக்னி நட்சத்திரத்தில் சிவாலயங்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாக நீர் விடுவது இரண்டாவது முறை. யூஎஸ்பி துளைக்கு அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. பூடானில் அரசே மலைக்குளிரில், நீர்மின்சாரத்தில் இந்தத் தொழிலை நடத்துகிறது. அதைப் படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அனல் அடித்தது, சாத்திவிட்டேன்.

இத்தனைக்கும் குளிர்ச்சி எங்கள் பக்கத்தின் குடிசைத்தொழில் என்றே சொல்லலாம். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கும் ஸ்ரீசிட்டியில் டைக்கினும் புளூ ஸ்டாரும் 2023-இல் ஏசி ஆலைகளைத் திறந்தன. காலையில் ஷிஃப்ட் பேருந்தில் போகிற பிள்ளைகள் நாள் முழுக்கக் குளிரை அட்டைப்பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் வியர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நான் டேபிள் ஃபேனிலிருந்து தொடங்கினேன். ஒரு முழம் தள்ளி வைத்துச் சுழலவிடாமல் நேராக ஊதவிட்டதில் விரலெண் 11. அறிவியலுக்கு வெற்றி, ஆனால் ஃபேன் இழுப்பது 50 வாட். இரண்டரை வாட்டைக் குளிர்விக்க ஐம்பது வாட்! யூனிட் நாலு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், சுரங்கத்துக்கு ஆண்டுக்கு 88 ரூபாய், ஃபேனுக்கு 1,752 ரூபாய். கொசுவை நிழலில் உட்காரவைக்கப் பந்தல் போட்ட கதை. இது போதாதென்று, நேர்காற்றை இழந்த அப்பா தினமும் இரவு ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தரப்பு வாதத்துக்கு ஆய்வுலகில் மறுப்பு கிடையாது.

அப்போதுதான் ஊர்ப்பெயர் கைகொடுத்தது. பானை வாயில் துணியை இழுத்துக் கட்டுவதை ‘வேடு கட்டுதல்’ என்பார்கள். அந்தத் துணிக்கே வேடு என்று பெயர். ஆகவே சத்தியவேடு என்றால் ‘குளிர்ச்சியின் உண்மை ஈரத்துணியில் உள்ளது’ என்று பொருள்கொண்டேன். வேடர்களோடு சேர்த்துப் பொருள் சொல்லும் எதிர்வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முறை இதுதான். உத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கிய மண்பானை நிறையத் தண்ணீர். அதன் வாயிலும் வயிற்றிலும் நனைந்த வேட்டித் துணி. நீட்டிப்பு ஒயரில் தொங்கும் சுரங்கம், பானையைத் தொடாமல் இரண்டு விரல்கடை தள்ளி. முதல் நாள் தொட்டுவிட்டது. கணினியின் ஒரு துளை அன்றோடு காலமாயிற்று. கணக்கோ அழகானது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சுரங்கம் ஒரு நாள் முழுக்க உமிழ்வது 2,16,000 ஜூல். அதாவது 90 மில்லி நீர், அரை டம்ளர், ஆவியானால் ஒரு நாள் சூடு கழிந்தது. ஏட்டில் இப்படி. பழவேற்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறும் சாயங்காலங்களில் துணி காய மாட்டேன் என்கிறது. காயாத துணி குளிர்விக்காது. பானையில் கிடைத்த விரலெண் 9. ஃபேனைவிடக் குறைவு. ஆனால் குடிக்க ஜில்லென்று தண்ணீர் கிடைத்தது. ஃபேனுக்கு அந்தப் பயன் இல்லை.

அரை டம்ளர் கணக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கும் ஆசை விடவில்லை. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983-இல் கையெழுத்திட்டு, 1996-இல் முதல் நீர் பூண்டிக்கு வந்த தெலுங்கு கங்கைக் கால்வாய் எங்கள் பக்கமாகத்தான் போகிறது. சென்னைக்கு ஆண்டுக்கு 12 டிஎம்சி தருவதாகப் பேச்சு. சென்னைக்காரர்கள் ஒரு வருடம் குளிக்காமல் குடிக்காமல் பொறுத்துக்கொண்டால், அந்த நீர் முழுவதையும் துணியில் நனைத்து ஆயிரம் கோடி பிளாக் இரப்டர்களைக் குளிர்விக்கலாம். அவற்றை ஓட்டக் கூடங்குளத்தில் இருப்பதைப்போல 1,000 மெகாவாட் அணுஉலைகள் இருபத்தைந்து வேண்டும். அத்தனையும் செய்த பிறகு, உலகச் சுரங்கத் திறனில் நமது பங்கு ஏறக்குறைய முந்நூறில் ஒன்று. இந்தத் திட்ட அறிக்கை தயார். எந்த மாநில அரசிடம் கொடுப்பது என்பதுதான் குழப்பம்.

மார்கழியில் நிலைமை தலைகீழ். அந்த மாதத்தில் இட்லி மாவு பொங்காது என்பது வீட்டுக்கு வீடு துயரம். மாவுப் பாத்திரத்தையும் சுரங்கத்தையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கம்பளியால் மூடினேன். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சதோஷிகள் வராவிட்டாலும் இட்லிகள் வந்தன. நான் அறிந்தவரை இந்தக் கருவி ஈட்டிய ஒரே லாபம் இது. பெட்டிக்குள் கதகதப்புக்கு ஒதுங்கிய பல்லிக்கும் இதில் பங்குண்டு. அதன் பலனைப் பார்க்கப் பஞ்சாங்கத்தில் ‘சுரங்கத்தின்மேல் விழுந்தால்’ என்ற வரி இல்லை.

செய்தி பரவி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பால்காரர் குனிந்து பார்த்து, “இதேண்டி அன்னா? எந்த வஸ்துந்தி?” என்றார். தெலுங்கில் அதற்கு ‘எவ்வளவு வரும்?’ என்று பொருள். எந்த வஸ்து என்று தமிழில் என் காதில் விழுந்ததால், பிளாக் இரப்டர் என்று பதில் சொன்னேன். அது ஏதோ பெரிய தொகை என்று நினைத்துக்கொண்டு மரியாதையோடு போனார். மறுநாள் அவரோடு இன்னும் ஐந்து பேர்.

ஆய்வின் திருப்புமுனை அன்றுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறான். பார்க்க வந்த ஆறு பேர் 600 வாட். 240 சுரங்கங்களுக்குச் சமம். விரலெண்ணை எழுத நோட்டும் கையுமாக அதன் பக்கத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த நான் மட்டுமே நாற்பது சுரங்கம். அறையைச் சூடாக்கியது எது என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் கூச்சம் தரும்.

ஆகவே இறுதிச் சோதனைக்கு அறையைக் காலி செய்தேன். பானைக்குப் புதுத்துணி கட்டி, கதவை ஒருக்களித்துச் சாத்தி, இரவைத் திண்ணையில் கழித்தேன். நடுவில் கரண்ட் ஒருமுறை போய் வந்தது; இங்கே அது செய்தியல்ல. விடியற்காலையில் மெல்ல உள்ளே போய்த் தகட்டில் விரலை வைத்து எண்ணினேன். பத்து, இருபது, நாற்பது... அறுபதில் எனக்கே சலித்துப்போய் விரலை எடுத்தேன். வாசல் தெளித்துவிட்டு வந்த அம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“இன்னிக்குத்தான்டா ஒழுங்கா ஓடுது. பாரு, விளக்கு எவ்வளவு பளிச்சுன்னு நின்னு எரியுது.”

அறுபது என்ற எண்ணை நோட்டிலிருந்து அடிக்க மனம் வரவில்லை. பானை முறைக்கு நேரே அப்படியே இருக்கிறது.