121 தோல்வியும் ஒரு மில்க் ஷேக்கும்

சிகாகோ,
அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கே அத்தை, பிள்ளைகள், உங்கள் பிரஷர் எல்லாரும் நலமா?

ஜூன் மாதமே முடிந்துபோன ஐ.பி.எல்.லுக்காக நீங்கள் இந்த மாதமும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சென்னை 14 ஆட்டத்தில் 10 தோற்றது, வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தது, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். பின்னணியில் அத்தை, "ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினது யாராம்?" என்று கேட்டதும் பதிவாகியிருக்கிறது.

மாமா, 10 தோல்விக்கே இந்தப் பாடா? நான் இந்த ஊரில் எந்த டீமுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. குடும்ப கௌரவம் கருதித்தான். இப்போது உங்கள் மனத்தேறுதலுக்காகச் சொல்கிறேன்: சிகாகோ ஒயிட் சாக்ஸ். ஆட்டம் பேஸ்பால். 2024-ல் 162 ஆட்டம் ஆடி 121 தோற்றார்கள். 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் அதுவரை நவீன காலத்துச் சாதனை. மெட்ஸுக்காவது அது முதல் வருஷம், பச்சைப் பிள்ளை. எங்கள் டீமுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

ஏன் இந்த டீம் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் இரண்டு டீம். வடக்கே கப்ஸ், தெற்கே சாக்ஸ். ரெட் லைன் ரயிலில் ஏறினால் அடிசனில் இறங்குபவர்கள் கப்ஸ், 35-ஆவது தெருவில் இறங்குபவர்கள் சாக்ஸ். எனக்கு வாடகை கட்டுப்படியான பக்கம் தெற்கு. ஜாதகம் பார்த்தா டீம் அமைகிறது?

மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசிவரை அநேகமாகத் தினமும் ஆட்டம் உண்டு. நம்மூர் மெகா சீரியல் மாதிரி: நேற்று அழுத கண்ணைத் துடைப்பதற்குள் இன்றைய எபிசோடு வந்துவிடும்.

நம் கிரிக்கெட்டில் திட்டுவதற்குக் கேப்டன் இருக்கிறார். இங்கே அந்தப் பதவி மேனேஜருக்கு. யார் ஆடுவது, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து போடுகிற பிட்சரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. அவரும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். எழுபது வயதைத் தாண்டியவராக இருந்தாலும் அப்படித்தான். நம் கோச்சுகளை வெள்ளை பேன்ட், பேடு, கிளவுஸோடு பெவிலியனில் கற்பனை செய்து பாருங்கள்.

வயது என்றதும் டோனி லா ரூசா கதையைச் சொல்ல வேண்டும். 1986-ல் இதே டீமில் மேனேஜராக இருந்தவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபுக்கு அந்த வருத்தம் ஆறவே இல்லை. 34 வருஷம் கழித்து, 2020-ல், 76 வயதில் அவரையே மறுபடி கூட்டிவந்தார். லா ரூசா லேசுப்பட்டவர் இல்லை, இந்த ஆட்டத்தின் உச்சக் கோப்பையான உலகத் தொடரை மூன்று தடவை வென்றவர். ஆனால் கடைசியாக மேனேஜர் வேலை பார்த்தது 2011-ல். முதல் வருஷம் டீம் தன் பிரிவில் முதலிடம் வந்ததால் வாயை மூடிக்கொண்டோம். இரண்டாம் வருஷம் திறந்தோம்.

இந்த ஆட்டத்தில், பயங்கரமான பேட்டர் வந்தால் அவரை ஆடவிடாமல், சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம். அவருக்குப் பதில் அடுத்தவரிடம் மோதிக்கொள்ளலாம் என்ற கணக்கு. 2022 ஜூனில் டாட்ஜர்ஸோடு ஆட்டம். ட்ரே டர்னர் ஆடுகிறார். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், இரண்டு விழுந்தாகிவிட்டது. ஆள் முக்கால்வாசி அவுட். அந்த நேரத்தில் நம்மவர், "வேண்டாம், இவரை அனுப்பிவிடு" என்று கையைக் காட்டினார். அடுத்து வந்த மேக்ஸ் மன்சி ஹோம் ரன் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி. பேஸில் நின்றவர்களும் ஓடிவர, மூன்று ரன். அன்று தெற்கு சிகாகோவில் தலையில் அடித்துக்கொள்ளாத கை இல்லை.

அந்த வருஷமே உடல்நிலை காரணமாக லா ரூசா விலகினார். அடுத்து வந்தவர் பெட்ரோ கிரிஃபோல். முதல் வருஷம், 2023-ல், 101 தோல்வி. அந்த ஆகஸ்டில் ஓனர் கோபப்பட்டு, ஆண்டுக்கணக்கில் டீமைக் கட்டிக்காத்த கென்னி வில்லியம்ஸ், ரிக் ஹான் என்ற இரண்டு மேலதிகாரிகளையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். ஊரே பட்டாசு வெடித்தது. வெளியிலிருந்து ஒரு கெட்டிக்காரர் வருவார் என்று காத்திருந்தோம். பத்து நாள்கூட ஆகவில்லை, உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை ஜெனரல் மேனேஜர் ஆக்கிவிட்டார். ஓனர் சொன்ன காரணம்: புதிதாக ஒருவர் வந்தால் நம் டீமைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் போய்விடும், நமக்குச் சீக்கிரம் முன்னேற வேண்டும். அவசரப்பட்டு முன்னேறிய அந்த அடுத்த வருஷம்தான் 121.

அந்த 121-உம் ஒரே ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். மே மாதம் பால்டிமோரோடு ஓர் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் நம் ஆட்கள் துரத்திக்கொண்டு வருகிறார்கள், எல்லாரும் எழுந்து நிற்கிறோம். ஒரு பந்து செங்குத்தாக மேலே போகிறது. அந்த மாதிரிப் பந்துக்கு, சில சூழ்நிலைகளில், பிடிப்பதற்கு முன்பே அடித்தவர் அவுட் என்று விதி. சரி, ஓர் அவுட். அதே நேரத்தில் பேஸில் நின்ற நம் ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்தவருக்கு வழியை மறித்தார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்துவிட்டார். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. அதை அப்படிக் கொடுத்தே தீரவேண்டிய கட்டாயம் அம்பயருக்கு இல்லை என்று லீக் பிறகு டீமிடம் சொன்னதாம். செத்த பிறகு வந்த மருந்துச் சீட்டு.

ஜூலையில் தொடங்கி ஆகஸ்டுவரை தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். அமெரிக்கன் லீகில் 1988-ல் பால்டிமோர் தோற்றதோடு சரிசமம். அந்த 21-லும் கிரிஃபோலுக்கு வேலை போகவில்லை. ஓக்லாந்தில் ஒருவழியாக ஓர் ஆட்டம் ஜெயித்தார். இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். தோற்றபோது வைத்திருந்து, ஜெயித்ததும் அனுப்பிய ஆபீஸ் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

இதற்கு மேலும் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் 120 தோல்வியோடு சொந்த மைதானத்துக்கு வந்தார்கள். இன்னும் ஒன்று தோற்றால் சரித்திரம். அதை நேரில் பார்க்கவே கூட்டம் வந்தது. "டீமை வித்துடு" என்று ஓனரைப் பார்த்துக் கோஷம். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "பேரனிடம் சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் டிக்கெட்" என்றார். மூன்று ஆட்டம் நடந்தது. மூன்றையும் ஜெயித்துவிட்டார்கள்! பெரியவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு டெட்ராய்ட்டுக்குப் போய், யாரோ ஊர்க்காரர்கள் கண்முன்னால் 121-ஐத் தோற்றார்கள். காத்திருந்த எங்களுக்கு அந்தக் கேவலத்தைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த வருஷம் மைதானத்தில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. சாக்லேட், மார்ஷ்மெல்லோ, பிஸ்கட் எல்லாம் போட்டு ஒரு மில்க் ஷேக். பெயர் கேம்ப்ஃபயர். அதற்கு வரிசை வளைந்து வளைந்து நிற்கும். ஆட்டம் ஓடும்போதே ஜனங்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வரிசையில் நின்றார்கள். ஸ்கோர் தெரியாமல் நிற்பது உடம்புக்கும் நல்லது.

இப்படித் தோற்றும் ஓனருக்கு நஷ்டமில்லையா என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே யாரையும் யாரும் தள்ள முடியாது. நாடு தழுவிய டி.வி. ஒளிபரப்புப் பணத்தை ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் சமமாகப் பங்கு போடுகிறார்கள். அதற்கு மேல், தோற்ற டீமுக்கு ஆறுதலாக, அடுத்த வருஷம் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமைக் குலுக்கல் உண்டு. ஆனால் பெரிய ஊர் டீம்கள் அடுத்தடுத்து இரண்டு வருஷம் அந்தக் குலுக்கலில் பலன் பெறக்கூடாது என்று ஒரு விதி. முந்தின வருஷம் நாங்கள் அதில் ஐந்தாம் இடம் வாங்கிவிட்டோம். ஆகவே நவீன காலத்திலேயே அதிகம் தோற்ற டீமுக்கு 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம். தோற்பதிலாவது ஒழுங்காக லாபம் பார்க்கத் தெரிந்ததா!

"டீமை வித்துடு" கோஷத்துக்கும் இந்த ஜூனில் பதில் வந்துவிட்டது. ஜஸ்டின் இஷ்பியா என்ற பணக்காரருக்குக் கைமாற்ற ஏற்பாடு. எப்போது? 2029-இலிருந்து 2033-க்குள் ரைன்ஸ்டார்ஃபுக்கு மனம் வந்தால் விற்கலாம். 2034-க்குப் பிறகு இஷ்பியா விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். ரைன்ஸ்டார்ஃபுக்கு இப்போது 89. 1981-இலிருந்து டீம் அவர் கையில். இடையில் மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் வசவை வாங்கிக்கட்டிக்கொள்ள ஒவ்வொருவராக முன்னால் உட்காரவைத்தார்களே தவிர, சாவிக்கொத்து இருந்த இடுப்பு ஒன்றுதான். நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: 2005-ல் உலகத் தொடரை ஜெயித்தபோதும் இவர்தான் ஓனர். 1917-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர், இப்போது போப்பாண்டவர் பதினான்காம் லியோ. இந்த ஊர்க்காரர், எங்கள் டீம். இவ்வளவு தோல்வியைப் பொறுத்துக்கொண்டவருக்கு அந்தப் பதவி கொடுத்தது சரி என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் படம் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் நின்று கும்பிடுபவர்களும் உண்டு, அடுத்த இன்னிங்ஸுக்காக.

இந்த வருஷம் புது மேனேஜர், வில் வெனபிள். 102 தோல்வி. சிரிக்காதீர்கள் மாமா. போன வருஷத்தைவிட 19 ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருக்கிறார்கள். ஆபீஸில் கை கொடுத்துக்கொண்டோம்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். டீக்கடையில் கேப்டனை மட்டும் போட்டு வறுக்காதீர்கள். அவர் கைக்கு எட்டுகிறார் என்பதால் அவர் தலை உருள்கிறது. ஏலத்தில் யாரை எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுத்த அறைக்கும் ஒரு பங்கு கொடுங்கள். திட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பங்கைச் சரியாகப் பிரிக்கத்தான் சொல்கிறேன்.

ஏப்ரலில் நீங்களும் அத்தையும் இங்கே வாருங்கள். டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், பிளாக்கில் வாங்க வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் இல்லை. எங்கள் ஆட்கள் ஹோம் ரன் அடித்தால் ஸ்கோர்போர்டிலிருந்து வாணவேடிக்கை விடுவார்கள். அடிக்காவிட்டால் மில்க் ஷேக் இருக்கிறது. அதை அத்தைக்கு வாங்கித் தருகிறேன். உங்களுக்குச் சர்க்கரை என்பதால், நீங்கள் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்