புலிநோக்கர்

முதுமலை, பந்திப்பூர், கபினி ஆகிய காடுகளுக்குச் சவாரி வரும் பயணிகளுள் தனித்து ஆராயத் தக்கவர் புலிநோக்கர். புலியைக் காண விரும்பும் எல்லோரும் இவ்வகையினர் ஆகிவிட மாட்டார்கள். புலியைத் தவிர வேறெந்த விலங்கு எதிர்ப்பட்டாலும் அதைத் தமக்கு நேர்ந்த இழப்பாகவே கருதுபவர்தாம் இப்பெயருக்கு உரியவர். தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்திருக்க, இவர் காட்டுயிர்களைப் புலி, புலியல்லாதவை எனப் பகுத்து, இரண்டாம் பிரிவின்மீது தமக்குள்ள அதிருப்தியைச் சவாரி முடியும்வரை உரக்கத் தெரிவித்துக்கொண்டிருப்பார்.

இவரை முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறை வேன் புறப்படும் இடத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். காட்டோடு கலந்து மறைவதற்கென ராணுவப் பச்சைக் கால்சட்டை அணிந்திருப்பார். ஆனால் தனித்துத் தெரியும்படி தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி வைத்திருப்பார். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே, ஊட்டி பேருந்தின் நேரத்தை விசாரிக்கும் தொனியில், "இன்னைக்குப் புலி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பார். பெரும்பாலும் தனித்து வாழ்வதும், பகலின் பெரும்பகுதியைப் புதரிலோ நீர்க்கரையிலோ படுத்துக் கழிப்பதும், முதுமலையின் 321 சதுர கிலோமீட்டர் உள்வட்டக் காட்டில் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்வதுமான ஒரு விலங்குக்கு இந்தக் கால அட்டவணை இதுவரை அனுப்பப்படவில்லை என்பதை எடுத்துச்சொல்லும் துணிவு சீட்டுக் கொடுப்பவருக்கு இருப்பதில்லை.

வண்டி நகர்ந்ததும் நிராகரிப்புப் படலம் தொடங்குகிறது. புள்ளிமான் கூட்டத்தைக் கண்டால், "இது கிண்டியிலேயே இருக்கே" என்பார். யானை வந்தால், "கோயில்லயே பார்த்தாச்சு" என்பார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் செம்பட்டியலில், அதாவது உயிரினங்கள் அழிவை எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைத் தரப்படுத்தும் பட்டியலில், ஆசிய யானையும் புலியும் 'அருகிய இனம்' என்னும் ஒரே படியில் நிற்கின்றன. ஆயினும் கோயில் வாசலில் நிற்பதை அருகிய இனம் என்று ஒப்புக்கொள்ள இவரது மனம் இடந்தருவதில்லை.

இவரது அவமதிப்பு உச்சம் அடைவது செந்நாய்களிடத்தில்தான். சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றையொன்று அழைத்து, கூட்டமாக வேட்டையாடும் இவ்விலங்கும் அருகிய இனமே. இந்தியாவில் மட்டும் புலிகளின் எண்ணிக்கை 2022 கணக்கெடுப்பின்படி சராசரியாக 3,682. வளர்ந்த செந்நாய்களோ உலகம் முழுவதும் சேர்ந்தாலும் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இவற்றைத் தீங்குயிரி என்று அறிவித்து, கொன்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1972-இல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே அந்நிலையை மாற்றியது. இத்தனையையும் தாண்டிப் பிழைத்து வந்து சாலையைக் கடக்கும் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்து, புலிநோக்கர் தம் மனைவியிடம், "நம்ம தெருவுல இல்லாத நாயா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொள்வார்.

ஓட்டுநர் திடீரென்று என்ஜினை அணைப்பது சவாரியின் முக்கியமான தருணம். புலியோ சிறுத்தையோ நடமாடுவதை உணர்ந்த கடமானும் குரங்கும் தம் கூட்டத்தை எச்சரிக்க எழுப்பும் குரலைக் கேட்டு, அது வரும் திசையை அறியவே அவர் வண்டியை நிறுத்துகிறார். அந்த அமைதியில் புலிநோக்கரின் குரல் மட்டும் தெளிவாக எழும்: "என்ன அண்ணே, வண்டி ரிப்பேரா?" கடமானின் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாதவர், தாம் விடுத்த எச்சரிக்கையைப் புலி புரிந்துகொண்டிருக்கலாம் என்று எண்ணிப்பார்ப்பதில்லை.

புலி வராவிட்டால், யானை, காட்டுமாடு, செந்நாய் அனைத்தையும் கண்டு திரும்பிய இவர், "ஒண்ணுமே பார்க்கலை" என்று உறவினர்களுக்கு அறிவிப்பார். வந்துவிட்டாலோ, நடுங்கும் காணொளியில் வேனின் கூரையும் முன்னிருக்கைக்காரரின் தலையும் பதிவாகும். ஆனால் அன்று முதல் இவர் புலியியல் வல்லுநர்.

இருப்பினும் இவரை முற்றாக இகழ்வது நன்றியாகாது. ஓர் இனத்துக்காகப் பரந்த நிலத்தைக் காப்பாற்றும்போது அந்நிலத்தின் மற்ற உயிர்களும் சேர்ந்து காக்கப்படுமாயின், அவ்வினத்தைக் குடை இனம் என்பர். 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் இக்கருத்துக்கு நல்ல சான்று. புலியின் பெயரால் காக்கப்பட்ட காட்டில்தான் செந்நாயும் நாற்கொம்பு மானும் வாழ்கின்றன. புலிக்காக இவர் செலுத்தும் கட்டணத்தின் நிழலில் இவர் ஏறிட்டுப் பார்க்காதவையும் ஒதுங்குகின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வட்டமிடும் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு மட்டும் அந்நிழல் போதவில்லை. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதற்கு 2006-இல் தடை விதிக்கப்பட்டது. காட்டுக்கு வெளியிலிருந்து வரும் நஞ்சைக் காட்டுக்குள் பிடித்த குடை தடுக்காது.

ஆகவே புலிநோக்கரின் புலிப்பற்றைக் குறைக்க முயல வேண்டியதில்லை. அது பல உயிர்களுக்குச் சோறு போடுகிறது. அவரது குரலை மட்டும் சற்றுக் குறைக்க முடிந்தால் அவருக்கே புலி கிடைக்க வாய்ப்புண்டு; காட்டுக்கும் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைக்கும்.