தட்டாமாலைத் தலைசுற்றல்

கேள்வி: தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற பிறகும் வீடு ஏன் சுற்றுகிறது?

பதில்: நீங்கள் நின்றுவிட்டீர்கள், உங்கள் காதுக்குள் இருக்கும் திரவம் நிற்கவில்லை! உட்காதில் பக்கத்துக்கு 3 அரைவட்டக் குழாய்கள்; அந்தத் திரவம் இருப்பது அவற்றில்தான். சுற்றுவதை நிறுத்தியதும், வந்த வேகத்தில் திரவம் முன்னே தள்ள, அங்குள்ள மயிர்ச் செல்களின் நுண்மயிர்கள் எதிர்ப்பக்கம் சாயும். ‘ஐயையோ, இப்போது எதிர்த்திசையில் சுற்றுகிறோம்’ என்று 8-ஆவது மூளை நரம்பு வழியே மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். அது விசாரிக்காமலே கண் தசைகளுக்கும், தண்டுவடம் வழியே கால்களுக்கும் உத்தரவு போட்டுவிடும். கண் அலைபாயும், வீடு சுற்றும், கால் தள்ளாடும். திரவம் அடங்கி, சிறுமூளையும் பஞ்சாயத்து பேசிய பிறகே நிதானம் திரும்பும்.

காதில் விழுவதையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்பது மூளைக்கும் பொருந்தும்!