பத்துப் பேருக்கு ஒரு பள்ளியா?

கேள்வி: பத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியை மூடாதீர்கள் என்று பெற்றோர் மனுவோடு அலைவது வீண் பிடிவாதம்தானே? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: கூட்டமில்லாத அரசு இடங்களையெல்லாம் மூடுவதென்றால், புதுச்சேரியில் பள்ளியின் முறை வர ரொம்ப நாளாகும்! 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த விதி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் நடைதூரத்தில் பள்ளி கேட்கிறது. காரணம் எளிது: ஆறு வயதுப் பிள்ளை பேருந்து மாறிப் போகாது. மூடினால் செலவு மிச்சம் என்பார்கள். பெருஞ்செலவு சம்பளம்; ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறினாலும் அது கூடவே போகும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பை நடத்துவது படிப்பா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது ஆசிரியர் கேட்கும் வாதம், பூட்டுக் கேட்கும் வாதமல்ல.

நம் மாஹேக்குப் பக்கத்தில், கோழிக்கோடு மலாப்பரம்பில், லாபமில்லை என்று உதவிபெறும் பள்ளி ஒன்றை 2014இல் நிர்வாகியே இடித்தார். ஊர்மக்கள் திரும்பக் கட்டினார்கள். 2016இல் கேரள அரசே அதை ஏற்றது. ஒரு பிள்ளைகூட இல்லாவிட்டால் பேச்சு வேறு. 2019இல் தமிழ்நாடு அப்படிப்பட்ட 46 பள்ளிகளை நூலகமாக்க முடிவெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரின் பிள்ளை தனியார் பள்ளி வேனில் போகிறதென்றால் மட்டும் சொல்லுங்கள், கட்சி மாறிவிடுகிறேன்!