கொலுவில் ஒரு பி.ஜி.

வாழ்த்துகள், டாக்டர். கல்லூரியின் கொள்கைக் குழுவுக்குப் பயிற்சி மருத்துவர் பிரதிநிதியாக டீன் உங்களை நியமித்திருக்கிறார். நீங்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை, உங்கள் பேட்ச்சிடமும் யாரும் கேட்கவில்லை. ஸ்டிரைக் நடந்த அன்று வார்டில் இருந்த ஒரே ஆள் என்பது போதாதா?

வேலை சுலபம். நைட் டியூட்டி முடிந்த கையோடு, குளிக்காமல் கொள்ளாமல், போய் உட்காருங்கள். எதிரே ஹெச்.ஓ.டி., பக்கத்தில் உங்கள் கைடு. உங்கள் தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், அடுத்த மாதப் போஸ்டிங்கை முடிவு செய்கிறவர் இன்னொருவர். "உங்க குறைகளைத் தயங்காம சொல்லுங்க" என்பார்கள். தயங்குங்கள். போன முறை தயங்காதவர் இன்னும் லாக் புக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். முந்திரி பிஸ்கட் வரும்போது தலையாட்டுங்கள். மறுநாள் மினிட்ஸில் 'பயிற்சி மருத்துவர்களின் ஒப்புதலோடு' என்று ஒரு வரி ஏறும். கொலுப் படியில் பொம்மை வைப்பது அது பேசும் என்று நம்பி அல்லவே.

நம் நாட்டில் குழுவுக்கா பஞ்சம்? 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் கண்ணயர அவருக்குக் கிடைத்த இடம் கருத்தரங்கு அறை. பதினோரு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இயக்குநர்கள், பேராசிரியர்கள், மூத்த அறுவை மருத்துவர்கள், அரசுச் செயலர்கள் எல்லாரும் இருந்தார்கள். இரவெல்லாம் வார்டில் நிற்கிற பயிற்சி மருத்துவர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. அவர்களுடைய கருத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கேட்டுக்கொள்வதற்குச் செலவில்லை.

கணக்கு ஒன்று சொல்கிறேன், குழுவில் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இல் ஒரு திட்டம் வெளியிட்டது. ஜூனியர் ரெசிடென்ட், அதாவது உங்களைப் போன்ற பி.ஜி., சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று அதில் இருக்கிறது. கூடவே ஒரு வாலும் இருக்கிறது: வேலைப் பளுவைப் பார்த்துக் கண்காணிப்பாளர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். முப்பது வருடமாக எல்லா மருத்துவமனைகளும் அந்த வாலை மட்டும் ஒழுங்காக அமல்படுத்துகின்றன.

2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் முதுநிலை விதிகளைத் திருத்தி எழுதியது. எண்ணே வேண்டாம், 'நியாயமான பணி நேரம்' போதும் என்று விட்டது. யாருக்கு நியாயம் என்று அதில் இல்லை. அடுத்த ஆண்டு அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பதில்களைப் படித்துப் பதறிய குழுப் பெரியவர்கள் கருணையோடு ஒரு வரம்பு பரிந்துரைத்தார்கள்: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாற்பத்தெட்டில் கிளம்பி முப்பத்திரண்டு வருடம் நடந்து எழுபத்து நாலுக்கு வந்திருக்கிறோம். இதற்குப் பெயர் நலத் திட்டம். அந்தப் பரிந்துரைகூட வெறும் பரிந்துரைதான், டியூட்டி சார்ட் போடுகிறவரை அது கட்டுப்படுத்தாது.

முப்பத்தாறு மணி நேரம் தூங்காதவன் கார் ஓட்டினால் குற்றம் என்போம். அவனே உங்கள் அப்பாவுக்கு மருந்தளவு எழுதினால் அனுபவம் என்கிறோம். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்கிற ஹெச்.ஓ.டி., தான் பட்ட அடியைப் பாடத்திட்டமாக்கிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் நடந்த தவறுக்கு மட்டும் குழு மூன்றே நாளில் கூடும். அதில் பயிற்சி மருத்துவருக்கு இடம் நிச்சயம், குற்றவாளி நாற்காலியில்.

கொல்கத்தாவின் ஜூனியர் டாக்டர்கள் இந்த விளையாட்டைப் புரிந்துகொண்டார்கள். 2024 அக்டோபரில் தர்மதலாவில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தபோது அவர்கள் வைத்த பத்துக் கோரிக்கைகளில், கல்லூரியையும் மருத்துவமனையையும் நடத்தும் குழுக்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேண்டும் என்பதும் ஒன்று. பாதுகாப்பு, படுக்கை நிலவரம் ஆகியவற்றோடு இதையும் பட்டினி கிடந்து கேட்க வேண்டியிருந்தது. பேசிக் கேட்க முடிகிற நாற்காலி எதுவும் அவர்களிடம் இல்லை.

ஆகவே டாக்டர், அந்த நியமன ஆணையைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பேட்ச் ஓட்டுப் போட்டு அனுப்பட்டும். குழுவில் உங்களுக்கும் ஓட்டு இருக்கட்டும். மினிட்ஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படட்டும். உங்கள் தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த மேசையில் இருக்கக் கூடாது. இந்த நாலும் இல்லாமல் உட்கார்ந்தால், அடுத்த டியூட்டி சார்ட்டில் உங்கள் ஜூனியருக்கு விழும் முப்பத்தாறு மணி நேரத்துக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டவர்தான்.